வீட்டில் விலங்கு: உரிமம் முதல் பக்கத்து வீட்டுப் புகார் வரை

நாய்க்குட்டியை வாங்கி வந்து, பெயர் வைத்து, பிள்ளைகள் அதோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் பெரும்பாலோர் விதிகளைத் தேடுகிறார்கள். அதற்குள் கீழ்வீட்டிலிருந்து முதல் புகார் போயிருக்கும். இந்த அத்தியாயம் கேட்பதெல்லாம் வரிசையை மாற்றச் சொல்லித்தான்: முதலில் காகிதம், அடுத்து இடம், கடைசியில் விலங்கு.

இங்கே வரும் நடைமுறைகள் சென்னை மாநகராட்சியை வைத்துச் சொல்லப்படுபவை. வேறு ஊர்க்காரர்களுக்கு என்ன மாறும் என்பது பின்னால் வருகிறது. கட்டணமும் அபராதமும் மாமன்றத் தீர்மானத்தில் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளில் மாநகராட்சி இணையதளம் காட்டும் தொகையே செல்லும்.

யார் எதைக் கேட்கலாம்?

பாதிச் சண்டைகள் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன. வீட்டில் விலங்கு வளர்ப்பவரைக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் நான்கு பேர். ஒருவருடைய அதிகாரம் இன்னொருவருக்குக் கிடையாது.

• மாநகராட்சி: உரிமம், தடுப்பூசி, பொது இடத்தில் வாரில் கட்டி அழைத்துச் செல்வது, சுகாதாரம். அபராதம் போடும் அதிகாரம் இதற்கு உண்டு.
• குடியிருப்போர் சங்கம்: லிஃப்ட், பூங்கா, பொதுத் தாழ்வாரம் ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தலாம். வளர்க்கவே கூடாது என்று சொல்ல முடியாது.
• வீட்டுக்காரர்: நீங்கள் வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவரை.
• வனத்துறை: நம் நாட்டுக் காட்டுயிர்கள் விஷயத்தில். இதில் சமரசம் கிடையாது.

முதலில், வைக்கவே கூடாதவை

பச்சைக்கிளி. ஜோசியக்காரர் கூண்டில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அது வீட்டுப் பறவை என்றே பலர் நம்புகிறார்கள். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். மைனா, சில்லை போன்ற நாட்டுப் பறவைகளுக்கும் அதே நிலைதான். நட்சத்திர ஆமை வைத்திருந்து பிடிபட்டால் வெறும் அபராதத்தோடு தப்ப முடியாது, சிறைத் தண்டனை வரை போகும். "அதிர்ஷ்டம்" என்று யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் போன்றவை வெளிநாட்டு இனங்கள். அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஆப்பிரிக்க சாம்பல் கிளி, மக்காவ் போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024இல் இதற்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. வாங்கும்போதே ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

நாய், பூனை: உரிமம் எடுக்கும் வரிசை

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அதுவரை உரிமம் என்பது கேட்பாரற்றுக் கிடந்த ஒரு விதி. அதற்குப் பிறகு பிடி இறுகியது. 2025 இறுதியில் மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயமாயின, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். உரிமக் கட்டணமோ 50 ரூபாய். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே விளக்கம் தேவைப்படாது.

1. இனத்தை முடிவு செய்யுமுன் விசாரியுங்கள். பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிதாக உரிமம் தருவதில்லை என்று சென்னை மாநகராட்சி 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் பணம் போனதுதான். சட்டம் ஒருபுறம் இருக்க, இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் சைபீரியன் ஹஸ்கி வளர்ப்பது அந்த நாய்க்கும் தண்டனை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் வெயிலுக்குப் பழகிய இனங்கள் இருக்கின்றன. அவை ஓடி வளர்ந்தவை, ஓட இடம் வேண்டும். இடம் இல்லாதவர்களுக்குத் தெருவில் பிறந்த ஒரு குட்டியைத் தத்தெடுப்பதுதான் என் சிபாரிசு.

2. எட்டு வாரம் நிறைந்த குட்டியை மட்டும் எடுங்கள். அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு நோய் எளிதில் தொற்றும், கடிக்கும் பழக்கமும் அதிகம்.

3. வெறிநாய்த் தடுப்பூசி. வழக்கமாக மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். சான்றில் விலங்கின் பெயர், இனம், நிறம், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி ஒரு நடை.

4. மைக்ரோசிப். அரிசிமணி அளவுள்ள சிப்பை ஊசி மூலம் தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதற்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். நாய் எங்கே இருக்கிறது என்று அது செல்போனில் காட்டாது; ஸ்கேனரை அருகில் பிடித்தால் மட்டுமே எண் தெரியும். எண் ஒட்டிய ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியே செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் நடத்துகிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே கேட்டுப் பாருங்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

5. இணையத்தில் விண்ணப்பம். மாநகராட்சி இணையதளத்தில் செல்லப்பிராணி உரிமப் பகுதிக்குப் போய், செல்போன் எண்ணைப் பதிவு செய்யுங்கள். உங்கள் புகைப்படம், விலங்கின் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

6. கட்டணம், பதிவிறக்கம். மாநகராட்சி அலுவலர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகு பணம் கட்டி உரிமத்தை இறக்கிக்கொள்ளலாம். ஒரு பிரதி எடுத்துக் கதவருகே வையுங்கள், செல்போனிலும் ஒன்று இருக்கட்டும்.

7. புதுப்பித்தல். உரிமம் ஓராண்டுக்குத்தான்.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்:* ஆதாரில் பழைய முகவரி இருப்பது முதல் தவறு. வாடகைக்காரர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அடுத்தது, தடுப்பூசிக் காலம் முடிய இரண்டு வாரமே இருக்கும்போது விண்ணப்பிப்பது. கறுப்பு நாயை இருட்டு மூலையில் படம் எடுத்து ஏற்றுவதும் உண்டு. மாடி வெளிச்சத்தில், முகமும் உடலும் தெரியும்படி எடுங்கள்.

*குறிப்பு:* ஊசித் தேதியும் உரிமத் தேதியும் ஒரே மாதத்தில் வரும்படி முதல் ஆண்டே அமைத்துக்கொண்டால், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை நினைவு வைத்தால் போதும்.

அடுக்ககத்தில் வளர்ப்பவர்களுக்கு

"நம்ம பிளாக்ல நாய் கூடாதுன்னு பொதுக்குழுவுல தீர்மானம் போட்டிருக்கோம் சார்" என்று செயலாளர் வந்து சொன்னால் கோபப்படாதீர்கள், பயப்படவும் வேண்டாம். அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பெரும்பான்மை இருந்தாலும் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது, அளவையோ இனத்தையோ காட்டி மறுக்க முடியாது, லிஃப்ட்டில் ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் வாங்க முடியாது. இப்படித் தடை விதிக்கும் துணைவிதிகள் செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அது வேறு மாநிலத் தீர்ப்பு, இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேச்சுவார்த்தையில் எடை உண்டு.

அதே வழிகாட்டுதல் உங்களுக்கும் கடமைகள் வைத்திருக்கிறது. இதைப் பலர் படிப்பதில்லை. பொது இடங்களில் வாரைப் பிடித்தே கூட்டிப் போக வேண்டும். கழிவை அள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மேல் லிஃப்ட் இருந்தால், விலங்கோடு வருபவர்கள் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பயன்படுத்தும்படி சங்கம் கேட்கலாம். பூங்காவுக்கு நேரம் வகுக்கலாம். இவற்றுக்கு ஒத்துப்போங்கள். சட்டத்தில் ஜெயித்துவிட்டுத் தினமும் லிஃப்ட்டில் முறைத்துக்கொண்டு நிற்பதில் என்ன சுகம்?

என் அனுபவத்தில், விலங்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழுவதே இல்லை. அனுமதி கேட்கும் கடிதமாக எழுதாதீர்கள், தகவல் தெரிவிக்கும் கடிதமாக எழுதுங்கள். மாதிரி:

*மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,*
*எங்கள் வீட்டில் இந்த மாதம் முதல் ஒரு நாய் வளர்க்க இருக்கிறோம். தடுப்பூசி போட்டதும் சான்றின் நகலைத் தருகிறோம். மாநகராட்சி உரிமம் கிடைத்ததும் அதன் நகலையும் தருகிறோம். காலையும் மாலையும் கூட்டிச் செல்லும் நேரத்தையும், எந்த லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தங்களோடு பேசி வைத்துக்கொள்ள விரும்புகிறோம். யாருக்காவது தொந்தரவு இருந்தால் நேரடியாக எங்களிடம் தெரிவிக்கலாம்.*
*இப்படிக்கு,*
*(பெயர், வீட்டு எண், செல்போன் எண்)*

நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது கடிதம் ஆகாது.

வாடகை வீடு என்றால் வேறு கணக்கு. வீட்டுக்காரரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுத வைத்துவிடுங்கள். "அதெல்லாம் பரவாயில்லப்பா" என்று வாயால் சொன்னது, பதினோரு மாதம் கழித்து வாடகை ஏற்றும்போது மறந்துபோகும்.

தெருவில் இறங்கும்போது

1. வார் ஆறடிக்கு மேல் வேண்டாம். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வார் சென்னைத் தெருவுக்கு ஆகாது. பைக் வரும் நொடியில் இழுக்க முடியாது.
2. வாய்மூடி அணிவியுங்கள். மாநகராட்சி கேட்கிறது. காற்றோட்டமுள்ள கூடை வகையாக வாங்குங்கள். துணியால் இறுக்கிக் கட்டும் வகையில் நாய் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. வெயில் நாளில் அது உயிருக்கே ஆபத்து.
3. பழைய செய்தித்தாளும் ஒரு பையும் எப்போதும் கையில் இருக்கட்டும்.
4. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கு மேல் தாரோட்டில் நடக்க விடாதீர்கள். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், சூடு பொறுக்கவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது.
5. பத்து வயதுப் பிள்ளையிடம் பெரிய நாயைக் கொடுத்தனுப்பாதீர்கள். கவனக்குறைவால் விலங்கு மனிதருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். அந்த வழக்கு பெரியவர்கள் பேரில்தான் வரும்.

கடித்துவிட்டால்: யார் மேல் தப்பு என்று பேசுவதற்கு முன், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். உங்கள் நாய் தடுப்பூசி போட்டதுதான் என்றாலும் கடிபட்டவரை நீங்களே அழைத்துப் போங்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அந்தப் பத்து நாளுக்குள் அதற்கு நோய்க்குறி தெரிந்தாலோ, அது இறந்தாலோ, உடனே கால்நடை மருத்துவருக்கும் கடிபட்டவருக்கும் சொல்ல வேண்டும்.

கோழி, ஆடு, மாடு

நகரத்தில் கால்நடை வளர்க்க உரிமம் தேவை என்று தமிழ்நாட்டில் 1997இலேயே ஒரு சட்டம் வந்தது. நகர்ப்புறப் பகுதிகளில் விலங்குகள், பறவைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று பெயர். மாடு வைத்திருப்பவர்களிலேயே இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாதவர்கள் நிறைய.

கோழியில் தொடங்குவோம். மொட்டை மாடியில் நான்கு நாட்டுக்கோழி வைத்தால் யாருக்கு என்ன என்று தோன்றும். புகார் வருவது கோழியால் அல்ல, சேவலால். விடிகாலை நான்கு மணிக்குக் கூவும் சேவல் எதிர்வீட்டு இரவுப் பணிக்காரருக்கு எமன். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இருந்தால்தான் தேவை. ஆகவே பெட்டைகளை மட்டும் வையுங்கள். கூண்டுக்கு அடியில் உமியோ மரத்தூளோ பரப்பி, ஈரம் தங்காமல் கிளறிவிட்டு, நாற்றம் எழுமுன் மாற்றுங்கள். தீவன மூட்டையை மூடியுள்ள டிரம்மில் போடாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும், கோடைக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

மாடு பெரிய விஷயம். கறந்துவிட்டுத் தெருவில் அவிழ்த்துவிடும் பழக்கத்துக்குச் சென்னையில் இப்போது விலை அதிகம்: 2024 தீர்மானப்படி முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000. பிடித்த மாட்டைப் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களில் கட்டுவார்கள். அங்கே இருக்கும் நாளுக்குப் பராமரிப்புச் செலவும் ஏறும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கட்ட இடம் இருக்கிறதா? வீட்டு வாசலும் நடைபாதையும் இடக் கணக்கில் சேராது.
2. சாணமும் கோமியமும் எங்கே போகும்? மழைநீர் வடிகாலில் விட்டால் அதுவே தனிக் குற்றம். பக்கத்தில் உள்ள தோட்டக்காரர், நர்சரிக்காரர் யாரோடாவது முன்கூட்டியே பேசி வையுங்கள்.
3. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள தோடு போடச் சொல்லுங்கள். கால்நடைத் துறை போடும். காணாமல் போனால் உங்கள் மாடு என்று காட்ட அதுதான் சாட்சி.
4. உரிமத்துக்கு மண்டல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.
5. இடம் போதாதவர்களுக்காக மாநகராட்சி பொது மாட்டுக்கொட்டகைகள் கட்டத் தொடங்கியிருக்கிறது. உங்கள் மண்டலத்தில் உண்டா என்று கேளுங்கள்.

ஆடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்ரீத்துக்கோ குலதெய்வப் படையலுக்கோ சில நாள் கட்டிவைப்பவர்கள், அது பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை மேயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புறா வளர்ப்பவர்கள் எச்சத்தைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுச் சுரண்டுங்கள்.

தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள்

2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள், குடியிருப்பு வளாகத்துக்குள் தெருநாய்க்குச் சோறு வைக்க ஓர் இடமும் நேரமும் ஒதுக்கித் தரும் பொறுப்பைச் சங்கத்திடமே வைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பொதுத் தெருவில் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. வார்டு வாரியாக ஒதுக்கிய இடங்களில் மட்டும் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று உத்தரவிட்டது. சோறு வைப்பவர் அந்த நாய்களின் கருத்தடைக்கும் ஊசிக்கும் மாநகராட்சியை அழைத்தால், எதிர்ப்பவர்களின் வாய் பாதி அடைபட்டுவிடும்.

சென்னைக்கு வெளியே

வேறு மாநகராட்சி, நகராட்சி என்றால் பொதுச் சுகாதாரப் பிரிவில் சுகாதார அலுவலரைக் கேளுங்கள். ஊராட்சி என்றால் ஊராட்சிச் செயலர். "நாய் உரிமம் இங்கே தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். "செல்லப்பிராணிப் பதிவுக்கு என்ன நடைமுறை? எழுத்தில் தர முடியுமா?" என்று கேளுங்கள். நடைமுறை இல்லாத ஊரிலும் தடுப்பூசிச் சான்று வைத்திருப்பது உங்களைக் காக்கும். விலங்குக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962 என்ற எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

புகார் வந்துவிட்டால்

1. புகார் எங்கே போயிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சங்கமா, மாநகராட்சியின் 1913 எண்ணா, காவல் நிலையமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.
2. மாநகராட்சி ஊழியர் வந்தால் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உரிமத்தையும் ஊசிச் சான்றையும் காட்டுங்கள். விலங்கை உள்ளே கட்டிவிட்டுக் கதவைத் திறங்கள்.
3. அபராதம் விதித்தால் ரசீது வாங்காமல் பணம் தராதீர்கள்.
4. குரைப்பு பற்றிய புகார் என்றால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எப்போது குரைக்கிறது, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள். பெரும்பாலும் தனியாக விட்டுப்போன நேரமாகவோ, பால்கனியில் கட்டிய நேரமாகவோதான் இருக்கும். இரவில் பால்கனியை விட்டு உள்ளே மாற்றினாலே பல புகார்கள் ஓய்ந்துவிடும்.
5. யாராவது விஷம் வைப்பதாக மிரட்டினால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மிரட்டல் வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல், எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள்.
6. தொல்லை முற்றினால் கோட்டாட்சியர் பொதுத் தொல்லை என்று கருதி, விலங்கு வைத்திருக்கும் விதத்தை மாற்றும்படி உத்தரவிட முடியும். நோட்டீஸ் வந்தால் குறித்த நாளில் நேரில் போங்கள். உரிமம், ஊசிச் சான்று, சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், கொட்டகையின் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். போகாமல் விட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே உத்தரவு உறுதியாகிவிடும்.